ஜைலோசியின் கட்டைவிரல்

மானிய உரக் கிடங்கில் இருந்த மெஷின், ஜைலோசியின் கட்டைவிரலை மறுபடியும் 'பீப்' என்று கத்தித் தள்ளியது.

"இது யார் விரலோ, உன் விரல் இல்ல," என்றார் அதிகாரி.

பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் விரலைப் பார்த்து இப்படிச் சொன்னால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தான். ஒன்றும் தேறவில்லை.

மண்வெட்டி பிடித்தே ரேகை தேய்ந்திருக்கும், கைக்கு ஓய்வு கொடுத்து எண்ணெய் தடவிக்கொண்டு வா, மாசக் கடைசியோடு மானியம் முடிகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாசலில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த காவல்காரர் பக்சன் மட்டும், பேசாமல் ஊர்த் தலைவரைக் கூட்டிவரச் சொன்னார்.

கடை விலைக்கு உரம் வாங்க ஜைலோசிக்கு வக்கில்லை. உரம் போடாவிட்டால் மக்காச்சோளம் முழங்காலைத் தாண்டாது. போன பஞ்சத்தில் அவன் பிள்ளைகள் பச்சை மாங்காயை வேகவைத்துத் தின்றார்கள். 

தலைவர் சிம்வாசா இருமிக்கொண்டே படுத்திருந்தார். "அவசரப்படாதப்பா. நான் எழுந்திரிச்சுக்கறேன். நான் கூட வராம அங்க உனக்கு ஒரு பிடி உரம் கிடைக்காது," என்றார்.

யார் மானியம் வாங்கினாலும் தலைவர் வீட்டுக்கு ஒரு கூடை உரம் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கிழவர் படுக்கையிலும் கூடைக்கு அடி போடுகிறார் என்று நினைத்து ஜைலோசி வீட்டுக்குத் திரும்பினான்.

மழைக்கு முன்னால் நிலத்தில் வரப்பு எடுக்கிற சமயம். மனைவி ஃபலேசி ஒற்றை ஆளாய் வெட்டினாள். ஜைலோசி மகனுடைய பள்ளிக்கூடக் காலுறைகளைக் கைகளில் மாட்டிக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சூடான களியைத் தொட்டால் ரேகை வெந்துவிடுமே என்று மந்திரி மாதிரி கரண்டியால் சாப்பிட்டான்.

"கட்டைவிரலாப் பொறந்திருக்கணும் நான். ராஜ வாழ்க்கை," என்றாள் ஃபலேசி.

எண்ணெய் தடவிப் போனான். விரல் வழுக்கியது, மெஷினை நாசம் பண்ணாதே என்று அதிகாரி திட்டினார். எண்ணெய் போக எலுமிச்சையும் சாம்பலும் வைத்துத் தேய்த்தான். தோல் வெடித்தது. அது ஆறும்வரை இன்னும் ஓய்வு. இதற்குள் ஃபலேசிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, பாதி நிலம் அப்படியே கிடந்தது.

ஒருவழியாகக் கட்டைவிரலில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஃபலேசி அதைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினாள். பாவம், அவளுக்கும் வேறு வழியில்லை.

அன்றைக்குத்தான் தலைவர் செத்துப்போனார்.

குழி வெட்டுவது இந்த முறை ஜைலோசியின் பங்காளிகள் பொறுப்பு. விரல் வலி என்று ஒதுங்கினால், நாளைக்கு அவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மண்வெட்டியோடு ஒருத்தன் வரமாட்டான். வெயிலில் இறுகிப்போன மண். வெட்டி முடித்து, பெட்டியை இறக்கி, மண் தள்ளி நிமிர்ந்தபோது கையில் தோலே இல்லை. கட்டைவிரலைப் பார்த்து ஜைலோசி வாய்விட்டு அழுதான். தலைவர்மேல் என்ன பாசம் என்று ஊரே உருகியது.

மானியத்தின் கடைசி நாள். புண் விரலை வைத்தான். 'பீப்'. அதிகாரி அவன் முகத்தைப் பார்க்காமலேயே மெஷினை உறையில் போட்டுக் கிளம்பிவிட்டார்.

ஜைலோசி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். 

"இன்னும் ஒரு வாரம் டைம் குடுத்திருந்தா ரேகை வந்திருக்கும், பக்சண்ணே," என்றான்.

பக்சன் கரும்புச் சக்கையைத் துப்பினார்.

"வந்தும் பிரயோஜனமில்ல, தம்பி. மானியத்துக்குப் பேர் பதிஞ்ச அன்னைக்கே உன் ரேகை மெஷின்ல விழல. 'நீ போப்பா, நான் பாத்துக்கறேன்'னு உன்னை அனுப்பிட்டு, உன் பேருக்குத் தலைவர் தன்னோட சுண்டுவிரலைத்தான் வெச்சாரு. அதைத்தான் போன வாரம் நீயே குழி வெட்டி மண்ணைத் தள்ளிட்டியே."