சட்டிநக்கி யாருக்குச் சொந்தம்?

பெருமதிப்பிற்குரிய அகராதி ஆசிரியர் அரியாத்னா லுவோவ்னா அம்மையாருக்கு, தோத்மா நகரத்து ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன் வெனியமின் சாவிச் குர்தியூமொவ் தலைவணங்கி எழுதுவது. தாங்களும், தங்கள் அலுவலகத்துச் சொல் அட்டைகளும் பூச்சி அரிக்காமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவி கிளாஃபிராவும் உடம்பளவில் சுகம்.

அம்மா, அச்சை நிறுத்துங்கள்! 'சட்டிநக்கி' என்ற வசைக்குத் தங்கள் மாதிரிப் பக்கத்தில் காட்டியிருக்கும் முதல் சான்றைவிட நூறு வருஷம் பழைய சான்று என்னிடம் சிக்கிவிட்டது. எங்கள் ஊர் ஆவணக் காப்பகத்தில், தாளோடு தாள் ஒட்டி நீண்ட ஒரு சுருளில், ஜாருக்கு எழுதிய முறையீடு. சந்தையில், பத்துப் பேர் முன்னால், ஷூபின் என்பவன் தன்னைச் சட்டிநக்கி என்று வைதுவிட்டான், மானம் போயிற்று, நீதி வேண்டும் என்று ஒருவன் நெற்றியை நிலத்தில் முட்டி அழுகிறான். அவன் யார் தெரியுமா? குர்தியூமொவ்! எங்கள் முப்பாட்டனுக்கு முப்பாட்டன்! நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன், காப்பகத்து ஸோயா என்னை வெளியே போகச் சொன்னாள், போகவில்லை. தங்களுக்குத் தெரியாததா, அந்தக் காலத்தில் வைதால் வழக்கு, வழக்கென்றால் வைததைச் சொல்லுக்குச் சொல் எழுதியாக வேண்டும். நம் முன்னோர் வாயை அடக்கி ஒற்றுமையாக வாழ்ந்திருந்தால் தங்கள் அகராதி பாதிகூடத் தேறியிருக்காது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன், அதுதான் தப்பாகப் போயிற்று, ஏனென்றால் என் மனைவி ஷூபின் வீட்டுப் பெண். முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "திட்டு வாங்குறது ஒரு பெருமையாய்யா? அதை எந்தக் கழுதையும் வாங்கிக்கும். சொல்லைச் சொன்னது எங்க ஆளு. அகராதில அவன் பேருதான் வரணும்." "வாங்கினவன் வழக்குப் போடலைன்னா உங்க ஆளு சொன்னது காத்தோட போயிருக்கும்டி" என்றேன். அன்றிலிருந்து அவள் தம்பி வருகிறான், என் அண்ணன் வருகிறான், தேநீர் ஆறுகிறது, கட்சி கட்டிக்கொண்டு கத்துகிறார்கள், மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டுகிறார், அப்புறம் அவரும் இறங்கி வந்து ஷூபின் கட்சியில் சேர்ந்துவிட்டார். மேற்கோளுக்குத் தாங்கள் ஒரே வரிதான் தருவீர்களாம். அதில் இரண்டு பெயர் அடங்காது. அம்மா, என் குலத்தில் ஒருவன்கூட இதுவரை அச்சில் ஏறியதில்லை. அவமானப்பட்டவனாகவாவது ஏறட்டும். வசைக்கு உடையவன் அதைத் தாங்கியவனே என்று தாங்கள் தீர்ப்பளிக்கக் கெஞ்சுகிறேன்.

தங்கள் கண்பார்வை தெளிவாக இருக்கட்டும், தொகுதி முடியும்வரை ஆயுளும் நீளட்டும் என்று வேண்டி,
வெ. சா. குர்தியூமொவ்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தை அஞ்சலில் சேர்க்குமுன், கிளாஃபிராவின் வாயை அடைக்க அவளைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போய்ச் சுருளைக் காட்டினேன். ஸோயா, "பின்பக்கம் பாத்தீங்களா? தீர்ப்பை எப்பவும் முதுகுலதான எழுதுவாங்க" என்றாள். நான் இத்தனை நாளும் அதன் முகத்தை மட்டுமே படித்திருக்கிறேன். புரட்டினோம். பத்துச் சாட்சிகளும் ஒரே வாயாகச் சொல்லியிருக்கிறார்கள்: வைதது குர்தியூமொவ், வாங்கியது ஷூபின். வைதவனே முந்திக்கொண்டு ஓடிப்போய் முறையிட்டுமிருக்கிறான், களவாணி.

ஆகவே அம்மா, சொல் அதைச் சொன்னவனுக்கே சொந்தம். இது ஆழ்ந்து யோசித்து நான் எடுத்த முடிவு. வாங்கியவன்தான் முக்கியம் என்று கிளாஃபிரா தனியாகத் தங்களுக்கு எழுதப்போகிறாள், நம்பாதீர்கள். மற்றபடி, இச்சொல் இன்றும் பேச்சில் உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்றும் அனுப்புகிறேன், அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். இடம்: காப்பக வாசல். காலம்: இன்று மதியம். சொன்னவர்: கிளாஃபிரா. வாங்கியவர்: நான்.