ரஷ்யா டெய்லர் சொன்ன காரணங்கள்

கள்ளக்குறிச்சியில் அந்தக் கடைக்கு அளவு கொடுக்கப் போனவனுக்குச் சட்டை சொன்ன நாளில் கிடைக்காது. ரஷ்ய மொழி கற்க ஒரு காரணம் கட்டாயம் கிடைக்கும். கடைக்கார பாய்க்கு ஊர் வைத்த பெயர் ரஷ்யா டெய்லர்.

சிற்றலை ரேடியோவில் மாஸ்கோ நிலையத்தைக் கேட்டே மொழியைப் பிடித்தவர். காரணமும் ஆளைப் பார்த்துத்தான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுபவரிடம், "அங்க பீட்ரூட்ல சக்கரை எடுக்கறான். நீ போய் கரும்பைக் காட்டுனா வுடுவானா?" என்பார். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். எனக்கு வேறு காரணம். "ஆபீசரை அந்த பாஷையில திட்டுங்க சார். மெமோ குடுக்க முடியாது."

உண்மையான காரணம் மகள் மும்தாஜ். இங்கே டாக்டர் சீட் கிடைக்கவில்லை. ரஷ்யாவில் இலவசமாகப் படிக்கலாம் என்று யாரோ சொல்ல, அப்பாவும் மகளும் ரஷ்ய மொழியிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். மெட்ராசில் நேர்முகத் தேர்வு. அதற்குள் கள்ளக்குறிச்சி வெயிலில் அவளுக்குக் கம்பளிக் கோட்டும் தைத்தாயிற்று.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். மறியல் வருகிறது, முன்னாடியே கிளம்புங்கள் என்று தெருவே சொன்னது.

"அப்படி எதுனா இருந்தா ரேடியோல சொல்ல மாட்டானா சார்?" என்றார்.

அவருடைய ரேடியோ, மாஸ்கோவில் எவ்வளவு பனி என்று சொன்னது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருப்பதைச் சொல்லவில்லை. பஸ் நின்றுவிட்டது. அப்பாவும் மகளும் நடந்தும் லாரி பிடித்தும் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்திருந்தது.

அதன்பின் மும்தாஜ் கடைக்குள் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். யார் எது கேட்டாலும் தலையசைப்புத்தான். அந்தப் பக்கம் போகவே எனக்கு மனசு கனத்தது. பாய் மட்டும் பழையபடி வருகிறவர்களிடமெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

"எல்லாம் முடிஞ்சு போச்சே பாய். இனிமே எதுக்கு அந்த பாஷை?"

கத்தரியை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தமிழ்ல பேசுனா பொண்ணு மூஞ்சியைத் திருப்பிக்குது சார். ரஷ்யன்ல கேட்டா ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை சொல்லுது. எனக்கு அப்புறம் அதுங்கூட பேச யாருனா வேணாமா?"

மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்தேன். என் ரஷ்ய மொழி படுமோசம்.

"அப்படி இல்ல மாமா, நாக்கை உள்ள இழுக்கணும்" என்று மும்தாஜ் ஒருநாள் தமிழிலேயே திருத்தினாள். தினமும் திருத்தினாள். அதற்காகவே நான் கடைசிவரை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை.