சொந்த உபயோகக்காரரின் முழங்கால்

வீட்டுக்காரர்களில் பல ரகம் உண்டு. சுவரில் ஆணி அடிக்காதே என்பவர், குழாயை மெதுவாகத் திற என்பவர், வாசல் செருப்புகளை எண்ணி எத்தனை விருந்தாளி என்று கண்டுபிடிப்பவர். இவர்களெல்லாம் சாதுக்கள். நான் சொல்ல வந்தது 'சொந்த உபயோகக்காரர்' என்ற இனத்தை.

இவர் பிறவியிலேயே இப்படி இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நினைத்தபோது வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் முடியாது, ஆனால் வீடு தனக்கே தேவை என்று நிரூபித்தால் காலி செய்யச் சொல்லலாம் என்று வக்கீல் விளக்குகிறாரே, அன்றைக்குத்தான் உருவாகிறார். அன்று சாயங்காலமே உடம்பில் ஏதாவது ஒன்று வலிக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் தெருக்காரருக்கு முழங்கால்.

மாடியில் அவர். கீழே பதினாறு வருஷமாக ஒரு தையற்காரம்மா. ஜன்னலோரம் தையல் மெஷின். தெருவில் பாதிப் பேரின் அளவு அவருக்கு மனப்பாடம். அந்த ஜன்னல் போனால் பிழைப்பும் போச்சு. அவருக்கிருந்த ஒரே குறை, மேலே யார் குளித்தாலும் கீழே சமையலறையில் சொட்டும். புகார் சொன்னால் வீட்டுக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வருவார்.

"பழைய வீடுன்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும். அனுசரிச்சுப் போ."

அது முழங்காலுக்கு முந்தைய காலம்.

பிந்தைய காலத்தில், ஒரு கையில் தடி, மறு கையில் டாக்டர் சீட்டு, தாங்கிப் பிடிக்க மனைவியின் தோள் என்று அவர் கோர்ட்டுக்குள் நுழைந்த அழகைப் பார்த்து எதிர்க்கட்சி வக்கீலே நாற்காலி எடுத்துப் போட்டார். மாடி ஏற முடியாதவருக்குக் கீழ்வீடு தேவைதானே?

"போன வாரம்தாங்க தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னாரு" என்றார் தையற்காரம்மா.

தொட்டி வந்து சாட்சி சொல்லுமா? தீர்ப்பு முழங்காலுக்கு.

தையற்காரம்மா நாலு தெரு தள்ளி ஒரு அறைக்குப் போனார். அங்கே மெஷினைப் போட்டால் பாய் விரிக்க இடமில்லை. போகும்போது சொட்டுக்கு வைத்த வாளியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

வென்றவர் கீழே குடி வந்தார். வராமல் இருக்க முடியாது, சொந்த உபயோகத்துக்கென்று காலி செய்ய வைத்த வீட்டில் தான் குடியேறாமல் வேறு ஆளுக்கு விட்டால் பழைய ஆள் திரும்பக் கேட்கலாம் என்று அதே சட்டம் ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கிறது. மாடியைப் புது வாடகைக்கு ஒரு உடற்பயிற்சி மாஸ்டருக்கு விட்டார். மாஸ்டருக்கு ஒரு நாளைக்கு மூன்று குளியல்.

மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டிலேயே சொட்டியது.

"பழைய வீடு. அனுசரிச்சுப் போங்க" என்றாள் மனைவி, வாளியை நகர்த்திக்கொண்டே.

மனிதர் பொறுக்கமாட்டாமல் எழுந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, மாஸ்டரிடம் கத்திவிட்டு, அதே வேகத்தில் இறங்கினார். வாசலில் தையற்காரம்மா. பக்கத்து வீட்டுக்கு ரவிக்கை கொடுக்க வந்தவர்.

"முட்டி எப்படிண்ணே இருக்கு?"

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உடனே நொண்டினார்.

"கோர்ட்டுல இடது காலுண்ணே" என்றார் தையற்காரம்மா. "நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போறேன். கேட்டா மாத்திச் சொல்லிடக் கூடாது பாருங்க."

சிரிக்கிறீர்களா? வாடகைக்கு விட உங்களுக்கு வீடே இல்லையா? நல்லது. ஆனால், நாலு நாள் தங்க வந்து நாலு வாரம் ஆகியும் கிளம்பாத மச்சானிடம், "அந்தக் கட்டில்லதான் நான் படுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு மாப்ள" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டது யார்?

சும்மா கேட்டேன். எந்தப் பக்கம் பிடித்தீர்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.