அம்மாவோட எட்டாவது கட்டம்

ஒரு படிச்ச மனுசன பத்துப் பதினஞ்சு பேருக்கு முன்னால திருடன்னு சொல்லி, அவரோட மிசின் வயர புடுங்கிப் போட்டவ நான்தான். இத நானே முந்திக்கிட்டு சொல்லிட்டா, எங்கக்கா கையக் கால ஆட்டி நடிச்சிக் காட்டுறது கொஞ்சமாவது குறையும்னு ஒரு ஆசை. (குறையாது.)

அப்ப எனக்கு பதினெட்டு. அஞ்சாம் வகுப்போட நின்னவ. ஹட்டன் டவுன்ல ஒரு முஸ்லிம் முதலாளியோட (நானான்னுதான் கூப்புடுவோம்) துணிக்கடையில சீலை மடிச்சிக்கிட்டு இருந்தேன். அம்மாவும் அக்காவும் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தாங்க. ஒரு நாளு பகல்ல அம்மா மலையிலேயே கூடையோட சாஞ்சிட்டாங்க. ஆள் வந்து சொல்லி, நான் பஸ் புடிச்சி போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

எனக்குன்னு மிஞ்சுனது ஒரு அட்டை. கொழுந்து நிறுத்ததும் கணக்கப்புள்ள அதுல கிலோ எழுதிக் குடுப்பாரு. பதினாறு, பதினெட்டு, பதினஞ்சு, பத்தொம்பது, பதினாலு, பதினேழு, பதினெட்டு. ஏழு நாளு. எட்டாவது கட்டம் வெறுங்கட்டம். அன்னிக்கி அம்மா எடுத்த கொழுந்த யாரு நிறுத்தா? அந்தக் கட்டத்த பாத்துப் பாத்தே எனக்கு சோறு எறங்கல. கடைசி நேரத்துல நான்தான் கிட்ட இல்ல, அந்த ஒரு நம்பராவது என்கிட்ட இருக்கட்டுமேன்னு இருந்துச்சு.

கடைக்கு மேல மாடியில ஒரு சார் கணக்கு டியூசன் வச்சிருந்தாரு. கொழும்புல இருந்து ஒரு கொம்பியூட்டர் கொண்டாந்தாரு. பழைய டீவியில மாட்டி, கேசட்ட போட்டு கணக்க அதுக்குள்ள ஏத்தணும்; ஏறி முடியிற வரைக்கும் அரைமணி நேரம் கீச்சுக்கீச்சுன்னு கத்தும். (நானா கீழ இருந்து, "மேல கோழி அறுக்கிறாங்களா?"ன்னு கேப்பாரு.) அப்புறம் வரிசையா நம்பர அடிச்சா அடுத்த நம்பர அதுவே சொல்லும். சார் ரெண்டு, அஞ்சு, பத்து, பதினேழுன்னு அடிச்சாரு. இருபத்தாறுன்னு வந்துச்சு. புள்ளைங்க கை தட்டுச்சுங்க. டீ குடுக்கப் போன நான் கிளாசோட நின்னுட்டேன். இன்னும் வராத நம்பர சொல்ற மிசின்!

அடுத்த ஞாயித்துக்கிழமை அக்காவ வரச் சொன்னேன். எதுக்குன்னு சொல்லல. வந்து பாத்து அசந்து போவான்னு பெரிய நெனப்பு.

"சார், ஏழு நம்பர் இருக்குங்க. எட்டாவது வேணும்."

"எந்தப் பாடத்துலம்மா?"

"பாடம் இல்லிங்க சார். எங்கம்மா."

அவருக்கு வெளங்கல. வெளங்காட்டியும் நல்ல மனுசன், அடிச்சாரு. மிசின் கொஞ்ச நேரம் யோசிச்சிச்சு. 201ன்னு போட்டுச்சு, முன்னுக்கு ஒரு சின்னக் கோடு.

"அது என்னா சார் கோடு?"

"மைனஸ்மா. இருநூத்தியொண்ணு குறைச்சல்னு அர்த்தம்."

இங்கதான் நான் கெட்டேன். தோட்டத்து ஆளுங்களுக்கு கிலோவுல குறைச்சல்னா ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். கூடைக்குன்னு ரெண்டு கிலோ வெட்டுவாங்க, கொழுந்து ஈரம்னு இன்னும் ரெண்டு வெட்டுவாங்க. அம்மா உசுரோட இருந்தப்ப வெட்டுனது பத்தாதா?

"தோட்டத்துல சொல்லிக் குடுத்தாங்களா உங்களுக்கு?"ன்னு கத்துனேன். "ஏழு நாளும் சேத்தே நூத்திப் பதினேழு கிலோதான்! அதுல எப்பிடி இருநூத்தியொண்ணு வெட்டுவீங்க? எங்கம்மா குழியில இருந்து எந்திரிச்சி வந்து கொழுந்த மரத்துல திருப்பி ஒட்டணுமா? திருடன்யா நீ!"

"அம்மா, நான் வெறும் கணக்கு வாத்தியாரும்மா..."

அவரு முடிக்கல. நான் வயர புடுங்கிட்டேன். டீவி ஒரு புள்ளியா சுருங்கி அணைஞ்சிச்சு. "ஐயோ, மறுபடி அரைமணி நேரம் கத்தணுமே"ன்னு பின்னால ஒரு புள்ள மொனகுச்சு. கீழ இருந்து நானா, "இன்னொரு கோழியா?"ன்னாரு.

அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. அட்டைய காட்டி எல்லாத்தையும் சொன்னேன். சார் என்னைய ஏசல. "ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் பாக்கும், அந்த வித்தியாசங்களுக்குள்ள வித்தியாசம் பாக்கும், அப்பிடியே அடிவரைக்கும் எறங்கித்தான் இது அடுத்தத சொல்லும். ஒழுங்கு இருந்தா சரியா வரும். இல்லாட்டி வாய்க்கு வந்தத சொல்லும். தெரியலன்னு சொல்ல நான் அதுக்குப் பழக்கல. என் தப்புத்தான்"னாரு.

மழையும் வெயிலும் மூட்டு வலியும் பாத்து எடுத்த கொழுந்து. அதுல ஒழுங்குக்கு எங்க போறது.

என் பின்னால நின்ன அக்கா அட்டைய வாங்கிப் பாத்தா.

"இதுக்கா என்னைய பஸ் ஏறி வரச் சொன்ன? ஏண்டி, அன்னிக்கி அம்மா தலையில இருந்து கூடைய எறக்குனதே நான்தானேடி. பன்னெண்டு கிலோ இருந்துச்சு. இத்தன வருசமா தூக்குறவளுக்கு தராசு எதுக்கு? என்கிட்ட கேக்க மாட்டியா?"

கேட்டிருக்கலாம். ஆனா அம்மா போனதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் அந்த நாளப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல. பேசுனா அழுதுருவோம்னு அவளும் ஒதுங்குனா, நானும் ஒதுங்குனேன். மிசின்கிட்ட கேக்குறது லேசா இருந்துச்சு.

சார் ஒரு பென்சில் குடுத்தாரு. அக்காவுக்கு எழுதத் தெரியாது, நான்தான் எழுதணும். வெறுங்கட்டத்துல பென்சில வச்சேன். அக்கா என் தோளுக்கு மேல எட்டிப் பாத்து அப்ப சொன்னது, நாலு வருசமாகியும் நாங்க குடியிருக்கிற லயத்த விட்டுப் போகல. நான் கலண்டர்ல தேதி குறிச்சாலும் சரி, பஸ் நம்பர எழுதிக்கிட்டாலும் சரி, யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க:

"பாத்துடி. முன்னுக்குக் கோடு போட்றாத."