ரியோஹா சம்பந்தியும் ஹெரெஸ் ஒயினும்

அன்புத் தம்பி எவரிஸ்தோவுக்கு,

அக்கா காசில்தா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் நலம். பில்பாவ் மழையில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்தான். ஆனால் உனக்கு இப்போது கவலையெல்லாம் சம்பந்தியைப் பற்றித்தான் இருக்கும் என்பதால் நேரே அதற்கே வருகிறேன்.

"ரியோஹாவில் பெரிய திராட்சைத் தோட்டக்காரர், மனைவியை இழந்தவர், சாதுவான மனுஷர், நம் கடற்கரையின் அமைதி அவருக்குப் பிடிக்கும், ஒரு வாரம் கவனித்து அனுப்பு, என் மகள் நியேவெஸ் கல்யாணம் உன் கையில்தான்" என்று எழுதியிருந்தாய். அந்தச் சாதுவான சாத்துர்னினோ பெட்டியை இறக்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, இந்த ஊர்ல யாராவது செத்துட்டாங்களா? இவ்வளவு அமைதியா இருக்கே?" மறுநாள் காலை கடல் வற்றிய நேரமாகப் பார்த்து, செருப்பை ஈரமணலில் விட்டுவிட்டு நத்தை பொறுக்கப் போனார். கடல் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. செத்துப்போன என் வீட்டுக்காரரின் செருப்பைக் கொடுத்தேன். அப்புறம் நம் கிழக்குக் காற்று கிளம்பியதா, அவருடைய தொப்பி பறந்தது, தொப்பியோடு தலைமுடியும் பறந்தது. நான் எதையும் பார்க்காதவள் மாதிரி வானத்தைப் பார்த்தேன். அங்கேதான் அது போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் பரவாயில்லை. நேற்று மனுஷரைக் குஷிப்படுத்தலாம் என்று ரயிலேற்றி ஹெரெஸுக்கு அழைத்துப்போனேன். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஃபுல்ஹென்சியோ வேலை பார்க்கும் ஒயின் கிடங்கு உனக்கே தெரியும், மாதா கோயில் உயரத்துக்கு இருக்கும். அவர் நீளக்காம்புக் கரண்டியைப் பீப்பாய்க்குள் விட்டு, தலைக்கு மேலே தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். உன் சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ஒயினா, இல்ல மேசைக்குப் பூசற வார்னிஷா?" என்றார். ஃபுல்ஹென்சியோ முகம் செத்துப்போச்சு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நியேவெஸை நினைத்தேன். மனுஷர் விட்டாரா? "கல்யாண விருந்துல எங்க தோட்டத்துச் சிவப்பு ஒயின் மட்டும்தான். மீனுக்கும் அதான்" என்றார். மீனுக்கு எங்கள் வெள்ளை ஒயின்தான் சேரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது, தம்பி. "உங்க ஒயினை மீன் மேல ஊத்தினா, செத்த மீன் இன்னொரு தடவ சாகும்!"

ஊழியர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் கிளாஸை வைத்தார். "இந்தக் குடும்பத்துல சம்பந்தம் வேணுமான்னு நான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். ரயிலில் தேடினேன், ஆள் இல்லை. ராத்திரியும் வீட்டுக்கு வரவில்லை. பெட்டி இங்கேயே கிடக்கிறது. கல்யாணத்தைக் கெடுத்த பாவி நான்தான். நியேவெஸிடம் பக்குவமாகச் சொல். இனிமேல் இப்படிச் சாதுவான மனுஷர் யாரையும் என்னிடம் அனுப்பாதே. கார்மென் மாதா உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். உன் மனைவிக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
காசில்தா

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மத்தியானம் ஃபுல்ஹென்சியோ அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுப் போனார். தான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்க, திரும்பக் கிடங்குக்கே போய் ராத்திரி முழுக்க ஒவ்வொரு பீப்பாயாக ருசி பார்த்தாராம். தெளியட்டும் என்று காப்பி போட்டுக் கொடுத்தேன். "நீங்க சொன்னது சரி, மீனுக்கு எங்க ஒயின் ஆகாது. என் பொண்டாட்டி போனதுலேர்ந்து என்கூட யாருமே சண்டை போடல, காசில்தா" என்றார். நியேவெஸ் கல்யாணம் இங்கேதான், திராட்சை பறிக்கும் மாதத்தில். அன்றைக்கே இன்னொரு கல்யாணத்தையும் முடித்துவிடலாமா என்று உன்னிடம் சம்மதம் கேட்கச் சொல்கிறார். யோசித்துப் பதில் போடு தம்பி, அவசரமில்லை. என் கல்யாணத் துணிக்கு அளவு கொடுத்தாகிவிட்டது.