மாமனாரின் கரும்பை மூழ்கடித்த ஏரி

நான் இதுவரை ஏழெட்டு ராஜ்ஜியங்களைத் தண்ணீரில் மூழ்கடித்திருக்கிறேன். ஒருத்தரும் கேள்வி கேட்டதில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரே ஒரு கரும்புத் தோட்டத்தை மூழ்கடித்தேன் பாருங்கள், அதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

என் தொழில், கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இல்லாத நாடுகளின் வரைபடம் போடுவது. கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பழங்காலக் கோட்டை, கடைவீதி, துறைமுகம் எல்லாம் கட்டுவேன். (கட்டிய நகரங்கள் ஏராளம், குடியிருப்பது வாடகை வீடு.) கற்பனை நாடானாலும் மலையும் ஆறும் நிஜம் மாதிரி இருக்க வேண்டும். அதற்கு நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். கல்வராயன் மலையை மடிப்பு மாறாமல் அப்படியே வரைந்து, அடிவாரத்தில் தலைநகரத்தை வைத்துவிடுவேன். கண்ணெதிரே ஒரு மலை இருக்கும்போது எவன் மெனக்கெட்டு யோசிப்பான்?

வடக்கனந்தலில் தமிழரசியைப் பெண் பார்க்கப் போனபோது, அவள் அப்பா மாணிக்கத்துக்கு என் வேலைமேல்தான் சந்தேகம். "வூட்லயே குந்திக்கினு படம் போடறாரு" என்று தரகர் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ போட்டோ பார்த்த நாளிலிருந்து தமிழரசியை விட்டால் வேறு கதியில்லை. அவரை அசத்தியே தீருவது என்று, என் சிறந்த வரைபடத்தைப் பாய் அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்துச் சுருட்டிக்கொண்டு போனேன்.

"இது எதுக்குடா?" என்றார் அம்மா.

"பொறுத்திருந்து பாரும்மா" என்றேன். புத்தி கெட்டவன்!

பஜ்ஜி, கேசரி முடிந்ததும் கூடத்தில் விரித்தேன். மாணிக்கம் ஐயா குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம மலைங்க! தோ, கோமுகி ஆறு வருது. இங்க நம்ம வூரு இருக்கணுமே தம்பி, இன்னா நீலமா இருக்குது?"

"ஏரிங்க. தலைநகரத்துக்குத் தண்ணி வேணும்ல?" என்றேன் பெருமையாக.

"என் கரும்பு?"

"அது... தண்ணிக்குள்ள போயிடுங்க."

அவர் நேராக வாசலுக்குப் போனார். "கோமுகிக்கு இன்னொரு அணை கட்டறாங்களாம்டா! பிளான் நம்ம வூட்லதான் இருக்குது!" என்று ஒரு குரல் விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் தெருவே கூடத்துக்கு வந்துவிட்டது. கோட்டை கொத்தளத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் அந்த நீலத்தின் மேல்தான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது வெறும் விளையாட்டு என்றால் நான் வேலையில்லாதவன் ஆகிவிடுவேன், பெண் போய்விடும். அந்தப் பயத்தில், "கவலப்படாதீங்க, நானே மாத்திடறேன்" என்று உளறிவிட்டேன்.

அவ்வளவுதான். "சார், என் நிலத்தக் கொஞ்சம் மேட்டுல தூக்கி வுடுங்க" என்றார் ஒருவர். "எனக்குக் கம்மியா மூழ்கினா போதுங்க" என்றார் இன்னொருவர். ஐயாவின் தோட்டத்தில் கரும்பு வெட்ட வரும் அஞ்சலை அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எனக்கு மூழ்கறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. போடறதே போடற, என் பேர்ல ஒரு ஏக்கர் போட்டுடு."

ஐயோ, அதற்கும் தலையாட்டினேன்!

சத்தம் கேட்டுத் தமிழரசி வந்தாள். படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, மலை மேல நெருப்பு கக்கிக்கினு பறக்குது பாரு, அது இன்னா? எந்த கவர்மெண்ட் பிளான்ல இறக்கை வெச்ச பாம்பு இருக்கும்?" என்றாள்.

கூடமே சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "பொய்யோ நெசமோ, என் கரும்பு மேல தண்ணிய வுட்டது நீதான் தம்பி. நிலத்த மீட்டுக்கினு வா. அப்பறம் பொண்ணப் பத்திப் பேசலாம்."

மறுநாளே புது ஃப்ளெக்ஸோடு போய் நின்றேன். ஏரி நடுவே சதுரமாக ஒரு தீவு, தீவு முழுக்கக் கரும்பு. ஓரத்தில் அஞ்சலை அக்காவுக்கு ஒரு ஏக்கர். ஐயா வரப்பு வரப்பாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "சரிங்க மாப்ள" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

(கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி காட்டும் படத்தை மட்டும் என்னை வரைய விடவில்லை.) இப்போதும் நல்ல மழை பிடித்தால் மாமனார் போன் செய்வார். "மாப்ள, தண்ணி ஜாஸ்தியா இருக்குது, கொஞ்சம் நிறுத்துங்க."

அந்தத் தீவோடுதான் விளையாட்டும் வெளிவந்தது. ஆடுகிறவர்கள், அங்கே புதையல் இருக்கிறது என்று நினைத்து வாளும் கையுமாக ஏரியைக் கடந்து போகிறார்களாம். போனால் கரும்பு! இதை அஞ்சலை அக்காவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"கத்தியோடதான வரானுங்க? என் ஏக்கர வெட்டச் சொல்லு தம்பி. நான் வரப்புல குந்திக்கினு பாக்கறேன்."