டிரம்மில் ஒட்டிய நன்றி

பிரிண்டரிலிருந்து வந்த குளியலறைத் தரை ஓட்டின் விளம்பரப் படத்துக்கு நடுவே, மங்கலாக, ஆனால் படிக்கிற அளவுக்கு ஒரு வரி தெரிந்தது: "தங்கள் நிறுவனத்தில் எனக்கு வேலை தந்தமைக்கு மனமார்ந்த நன்றி."

மெழுகு தாளைச் சட்டென்று கவிழ்த்துப் பிடித்தான். காலை ஒன்பது மணிக்கு, ஆபீசில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், புதிதாக வேலை கிடைத்த இடத்துக்கு அவனே திருட்டுத்தனமாக அடித்த கடிதத்தின் வரி அது. கடிதம் அப்போதே உறைக்குள் போய், தெருமுனைத் தபால்பெட்டிக்குள்ளும் போய்விட்டது. வரி மட்டும் போகவில்லை.

அவனுக்கு மெழுகு என்று பெயர் வந்ததே அந்த பிரிண்டரால்தான். அதற்குத் தண்ணீர் மை கிடையாது. சோப்புத் துண்டு மாதிரி நான்கு நிறத்தில் மெழுகுக் கட்டிகள். அவை உருகி, டிரம் என்கிற உலோக உருளையின் மேல் தெளிக்கப்படும். டிரம் தாளோடு அழுந்த, படம் தாளுக்கு மாறும். எட்டு வருஷமாகக் கட்டி போடுகிறவன் அவன் ஒருவனே.

டிரம் அந்த மெழுகை முழுசாகத் தாளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அதன்மேல் எண்ணெய் மெல்லிசாகப் பூசியிருக்க வேண்டும். பூசுவதற்கு ஒரு ரோலர், மிச்சத்தை வழிப்பதற்கு ஒரு பட்டை, இரண்டும் சேர்ந்து ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் எண்ணெய் தீர்ந்துவிட்டது, மாற்று மாற்று என்று பிரிண்டர் இரண்டு வாரமாகத் திரையில் கெஞ்சிக்கொண்டிருந்தது. மெழுகு தினமும் காலையில் 'சரி' பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். இப்போது டிரம் பிடித்ததை விடமாட்டேன் என்கிறது.

மேனேஜரிடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தானே போய்ப் பக்குவமாகச் சொல்வதாக இருந்தான். கண்ணாடி முன் மூன்று நாள் ஒத்திகையும் ஆகிவிட்டது. அதற்குள் விஷயம் வேறு வழியாக அவர் காதுக்குப் போனால் கதை முடிந்தது. போன வருஷம் டிசைனர் ஒருவன் வேறு இடம் பார்ப்பதை ஊரார் சொல்லி அவர் தெரிந்துகொண்டார். விடுவிப்புக் கடிதம் கொடுக்க மூன்று மாதம் இழுத்தடித்தார். இவனுக்குப் புது இடத்தில் திங்கட்கிழமைக்குள் அந்தக் கடிதம் வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்தவனுக்கு.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. படிப்பைப் பாதியில் விட்டு, இராக்காவல் வேலையில் தூங்கி மாட்டி, மூன்று இடத்தில் விரட்டப்பட்டு வந்த இவனை ஒரு கேள்வி கேட்காமல் "நாளைக்கு வா" என்றவர் அந்த மனுஷன்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் ரிசப்ஷன் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. டிரம்மைக் கொஞ்சம் சுத்தம் பண்றேன்."

பத்து வெற்றுத்தாளை ஓட்டினான். ஒவ்வொரு தாளிலும் நன்றி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. முன்னே ஒரு சாட்சி, இப்போது பதினொன்று. அவற்றை அள்ளுவதற்குள் அறைக்குள்ளிருந்து மேனேஜர் ஓடி வந்தார். அறுபதை நெருங்கும் கனத்த உடம்பு. அவர் ஓடி அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை.

"என்னடா வருது அதுல?"

"வெறும் தாள் சார்."

"வெறும் தாளை எதுக்கு ஓட்டுற? இங்க குடு."

"குப்பை சார், நானே போட்டுடறேன்."

"குப்பையை நான் போடக்கூடாதா?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அஞ்சு அவர் கையில், அஞ்சு இவன் கையில். அவர் அவருடையதைப் பார்க்காமலேயே நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். "இன்னைக்கு யாரும் பிரிண்டரைத் தொட வேண்டாம்" என்று அறைக்குள் போனார்.

"இவருக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அக்கா.

மெழுகுக்குத் தெரிந்தது. சந்தேகம் வந்துவிட்டது.

அவர் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. அந்த நேரத்தில் பிரிண்டரின் முன்பக்கக் கதவைத் திறந்து, டிரம்மை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தான். துணியில் மெழுகு வரவில்லை. மிச்சமிருந்த சொட்டு எண்ணெய்தான் வந்தது. சோதனைக்கு ஒரு தரை ஓட்டுப் படம் அடித்தான். தாள் டிரம்மோடு சுற்றிக்கொண்டு, ஓர் ஓலம் போட்டு, நின்றது. கையை விட்டுப் பிய்த்ததில் பாதி ஓடு கையோடு வந்தது. பாதி டிரம்மிலேயே குடியேறிவிட்டது.

"எண்ணெய் இல்லாட்டி எண்ணெய் விட வேண்டியதுதானே" என்றாள் அக்கா. "கதவு கிறீச்சிட்டப்போ வாங்கினது என் டிராயர்ல இருக்கு."

"கதவு எண்ணெயை இதுக்கு விடலாமாக்கா?"

"கதவு ஏதாவது புகார் சொல்லுச்சா?"

நாலு சொட்டு விடப்போனவன், அவசரத்தில் கால் குப்பி விட்டான். பிரிண்டர் சந்தோஷமாக முனகியது. அதுவரை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்ததையெல்லாம் டிரம் ஒரே மூச்சில் விட்டுவிட்டது. வெளியே வந்த தாள் அப்பளம் மாதிரி எண்ணெயில் மினுங்கியது. அதில் பாதி ஓடு இருந்தது. அதற்குமேல், கோயில் கல்வெட்டு மாதிரி, புது நிறுவனத்தின் பெயரும் மனமார்ந்த நன்றியும் இவன் பெயரும்.

தாள் வந்து விழுந்தது மேனேஜரின் கையில். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

அவர் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எண்ணெய் சட்டையில் ஊறியது.

"கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன். ஒரு எழவும் தெரியல" என்றார்.

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

மெழுகுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பின்னாலேயே அறைக்குள் போனான். ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் வாயில் வரவில்லை.

"சார், நான் போறேன் சார்."

"எங்க, டீக்கா?"

"வேற வேலை கிடைச்சிருக்கு. உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. எட்டு வருஷம் சோறு போட்ட இடம் சார். எனக்கு அது மறக்காது."

மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று இவன் காத்திருந்தான். அவர் ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, பேனாவைத் திறந்தார்.

"பிரிண்டரைத்தான் நாசம் பண்ணிட்டியே. கையாலேயே எழுதித் தரேன். என்னைக்குச் சேரணும்?"

"திங்கட்கிழமை."

"எட்டு வருஷம் தினம் கால் மணி லேட்டு. அங்கயாவது நேரத்துக்குப் போ. கட்டி போடுற வேலையை அங்கயும் தலையில கட்டப் பார்ப்பான். வேண்டாம்னு சொல்லு. நீ அதுக்குமேல செய்யக்கூடியவன்."

எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். மெழுகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். முன்கூட்டிச் சொல்லாதவனுக்கு இவ்வளவு பெரிய மனசு காட்டுகிறாரே, ஏன் போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லையே என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வெளியே பிரிண்டர் முன் ஒரு பெண் கருவிப்பையோடு மண்டியிட்டிருந்தாள். சர்வீஸ் கம்பெனிச் சட்டை. பழைய பெட்டியை உருவிக் கீழே வைத்து, புதியதைத் தள்ளி, கதவைச் சாத்தினாள். அரை நிமிஷ வேலை.

"அவ்வளவுதானா?" என்றான் மெழுகு.

"அவ்வளவுதான் சார். ஆனா இதுல கதவு எண்ணெய் விட்டவர் கையை மட்டும் எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

மெழுகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "உங்களை யார் கூப்பிட்டா? நாங்க இன்னும் போனே பண்ணலியே."

அவள் பையை மூடிக்கொண்டே சொன்னாள்:

"உங்க மேனேஜர்தான் சார், காலையிலேருந்து ஏழு தடவை போன்ல, 'நான் சிபாரிசு பண்ணின நம்ம மெழுகை வேலைக்கு எடுத்துக்கிட்டதுக்கு நன்றி'ன்னு யாரோ சிநேகிதருக்கு நேத்து சாயங்காலம் ஒரு லெட்டர் அடிச்சாராம், அது டிரம்ல ஒட்டிக்கிச்சாம், அந்த மெழுகு பார்த்துத் தொலைக்கிறதுக்குள்ள வந்து மாத்திக்குடும்மான்னு ஒரே கெஞ்சல்... ஆமா, இங்க மெழுகுங்கிறது யாரு சார்?"